ஒரு நாவுக்கு எட்டாத சுவை

முப்பது ஆண்டு முதிர்ந்த ஓர் ஆஸ்திரேலிய ஷிராஸ் புட்டியை நண்பர்கள் சிலர் கூடித் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்க்கை உருவிய பின் அந்த ஒயினுக்குச் சில மணி நேரமே வாழ்வு. காற்றுப் பட்டதும் அதன் மணம் விரிகிறது, மாறுகிறது, பிறகு தேய்கிறது. புட்டி காலியானதும் அதைப் பற்றி இனி எவரும் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. ஓர் ஓவியத்தைக் குறித்து இருவர் மாறுபட்டால் நாளை மறுபடி போய்ப் பார்க்கலாம். ஒரு கீர்த்தனையைத் திரும்பப் பாடச் சொல்லலாம். இங்கே அறிவதும் அழிப்பதும் ஒரே செயல். இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி 'நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் உலகத்தைப் பற்றி ஏதேனும் சொல்கிறாரா, தன் நாக்கைப் பற்றி மட்டும் சொல்கிறாரா? இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய நூலில் இதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருந்தார். அவர் காட்டிய எடுத்துக்காட்டே ஒயின்தான், கானரித் தீவுகளின் ஒயின். அது இனிமையானது என்பவர் 'எனக்கு' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அழகைப் பற்றிய தீர்ப்புக்குத்தான் பிறரின் உடன்பாட்டைக் கோரும் உரிமை உண்டு. நாவின் இன்பமோ அவரவர் தனிச்சொத்து. காண்ட் இந்தக் கோட்டைத் தவறான இடத்தில் கிழித்துவிட்டார் என்பதே என் வாதம். முதிர்ந்த ஷிராஸின் சுவை எவருடைய தனிச்சொத்தாகவும் இருக்க முடியாது. நண்பர்கள் அங்கே கூடியிருப்பதால் மகிழ்ச்சி பெருகுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தச் சுவை அறியப்படுவதே அரைகுறையாகத்தான் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

முதலில் புட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். சுவை வெறும் மனநிலை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்று அழைக்கப்படும் திராட்சையே ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1830களின் தொடக்கத்தில் ஸ்பெயினிலும் பிரான்சிலும் திரட்டி சிட்னிக்கு அனுப்பிய கொடித்துண்டுகளில் அதுவும் இருந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் அது நுழையவில்லை. அதனால்தான் 1840களில் நட்டவை என்று அறியப்படும் ஷிராஸ் கொடிகள் பரோசா பள்ளத்தாக்கில் இன்றும் காய்க்கின்றன. அந்தப் பழத்தில் எடுத்த ஒயின் இளமையில் மை போலக் கருத்த ஊதா நிறத்தில் இருக்கும். கரும்பழங்களின் மணமும் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்புமாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நிறமிகளும் துவர்ப்பைத் தரும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. சில இனிமேலும் கரைந்திருக்க முடியாமல் வண்டலாக அடியில் படிகின்றன. நிறம் செங்கல் சாயலுக்கு இறங்குகிறது. துவர்ப்பு தணிகிறது. பழ மணம் பின்வாங்க, பதனிட்ட தோலும் ஈரமண்ணும் புகையிலையும் உலர்ந்த அத்தியும் முன்னுக்கு வருகின்றன. இவையெல்லாம் புட்டிக்குள் உண்மையாகவே நடந்த மாற்றங்கள். குடிப்பவரின் கற்பனையில் தோன்றியவை இல்லை. ஆனால் ஒரே தோட்டத்தில் ஒரே ஆண்டில் எடுத்து ஒரே பெட்டியில் கிடந்த இரண்டு புட்டிகள்கூட முப்பது ஆண்டுக்குப் பின் ஒன்றுபோல் இருப்பதில்லை. கார்க் ஒரு மரத்தின் பட்டை. ஒவ்வொன்றும் காற்றை வெவ்வேறு அளவில் உள்ளே விடும். பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனம் 1991 முதல் நடத்திவரும் கார்க் மாற்றும் முகாம்களில், 15 ஆண்டு கடந்த தன் ஒயின்களைத் திறந்து, சிறிதளவு சுவைத்து, நலமாக இருந்தால் மட்டுமே மீண்டும் அடைத்துச் சான்று தருகிறார்கள். லேபிளை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆக, முதிர்ந்த புட்டி ஒவ்வொன்றும் தனியாள். பொது விதி எதுவும் அதை நமக்கு அறிமுகப்படுத்தாது. திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பொருள் உண்மையானது என்றால், அதை அளக்கும் கருவி எப்படிப்பட்டது? மூக்கும் நாக்கும்தான் கருவி. இந்த இடத்தில் ஷிராஸ் தருகிற சான்றுக்கு ஈடாக வேறெந்தத் திராட்சையும் தருவதாக எனக்குத் தெரியவில்லை. குளிர்ந்த பகுதிகளில், குறிப்பாக விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் மலைப் பக்கத்தில், விளையும் ஷிராஸில் மிளகு மணம் உண்டு என்று சுவைப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 2008இல் அதற்குக் காரணமான பொருளை அறிவித்தார்கள். ரொட்டண்டோன் என்ற சேர்மம் அது. நம் அடுப்படியில் இருக்கும் கருமிளகுக்கு அதன் மணத்தைத் தருவதும் அதுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி அதில் 16 கூறு இருந்தாலே போதும், மூக்கு அதைப் பிடித்துவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. சுவைத்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் அமர்ந்த மேசையில் ஒருவருக்கு அந்த மிளகு இல்லாமலே போகலாம். அவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது; அவருடைய கவனத்திலோ நேர்மையிலோ பிழை இருக்காது. தனியாக ஆயிரம் முறை சுவைத்தாலும் தன்னிடம் ஒரு வாசல் அடைத்திருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. எதிரில் இருப்பவர் 'மிளகு' என்று சொன்னால்தான் உண்டு. தமிழ்ச் சைவ சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளைச் சொல்கிறது: காண்டல், கருதல், உரை. நம்பத்தக்கவர் சொல்லைப் புலனறிவுக்கும் அனுமானத்துக்கும் நிகரான தனி வழியாக நியாய மரபும் ஏற்கிறது. பொருளை நேரில் கண்டவராகவும் அதை உள்ளபடி சொல்ல விரும்புபவராகவும் இருப்பவரே நம்பத்தக்கவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் சொன்னார். மேசையின் அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் இந்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறார். மிளகைப் பொறுத்தவரை அவர் சொல்தான் ஐந்தாமவருக்கு இருக்கும் ஒரே அளவை.

டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் செர்வான்டிஸின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். அந்த நாவலில் வரும் சான்ச்சோவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல அழைக்கிறார்கள். பழைய ஒயின், நல்ல ஆண்டில் எடுத்தது. முதலாமவர், நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை தெரிகிறது என்கிறார். இரண்டாமவர், நல்லதுதான், இரும்பின் சுவை சற்றுத் தட்டுகிறது என்கிறார். கூடியிருந்தவர்கள் இருவரையும் பரிகசிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. நுண்ணிய புலன் உடையவர் பிறர் உணராததை உணர்வார் என்பது ஹியூம் இதிலிருந்து எடுக்கும் பாடம். எனக்கு இக்கதை வேறொன்றைச் சொல்கிறது. அந்த இருவரில் எவரும் சாவியைச் சுவைக்கவில்லை. ஒருவருக்குத் தோல் மட்டும், மற்றவருக்கு இரும்பு மட்டும். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பது போலத் தோன்றியது, ஆனால் இருவரும் சரி. தோலும் இரும்பும் சேரும் இடத்தில்தான் சாவி என்ற முழுப்பொருள் இருந்தது, அந்த இடத்துக்குத் தனித்த நாக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. முதிர்ந்த ஒயினின் அடியில் பெரும்பாலும் சாவி கிடப்பதில்லை, வண்டல்தான் கிடக்கும். யார் சரி என்று காட்டும் பொருள் கடைசியில் வெளிவரப் போவதில்லை என்னும்போது, பல வாய்மொழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதைவிட நெருக்கமாக உண்மையை அணுகும் வழி நமக்கு இல்லை.

இதற்கு எதிராக எழும் மறுப்பு வலுவானது. பல வாய்மொழிகள் என்கிறீர்களே, அவை உண்மையில் ஒரே வாய்மொழி பலரிடம் தொற்றியதாக இருந்தால்? 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை அவர்கள் வர்ணித்தார்கள். 2008இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 20 பேரை வைத்து நடத்திய சோதனையில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று கேட்டபோது அது அதிகம் பிடித்தது. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் உயர்ந்தது. கண்ணும் காதும் இவ்வளவு எளிதாக நாக்கை ஏமாற்றும் என்றால், ஒரு நண்பர் 'அத்திப்பழம்' என்றதும் எல்லோருக்கும் அத்திப்பழம் தெரிவதில் என்ன அறிவு இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சோதனைகள் முதலில் தாக்குவது காண்ட்டின் தனிச்சொத்தைத்தான். என் நாவின் இன்பம் எனக்கே உரியது என்று நினைத்திருந்த இடத்துக்குள் ஒரு விலைச்சீட்டு நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. இதிலிருந்து மீளும் வழி என்ன? புட்டியை மூடி மறைத்துவிட்டுச் சுவைப்பது. அந்த வேலையை எவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள முடியாது. தான் ஊற்றிய ஒயினின் பெயரை மறக்க ஒருவராலும் முடியாது. ஊற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும். ஆஸ்திரேலிய ஒயின் கண்காட்சிகளில் நடுவர்கள் பொதுவாக மூவர் மூவராக அமர்வார்கள். எண் மட்டும் இட்ட கோப்பைகளை ஒவ்வொருவரும் பேசாமல் சுவைத்து மதிப்பெண் எழுதிய பிறகே பேச்சு தொடங்கும். முதலில் மௌனம், பிறகு உரை. தொற்றைத் தடுப்பதும் கூட்டத்தின் ஒழுங்குதான், தனிமை அதைத் தடுப்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். பிறர் சொல்லால் தூண்டப்பட்ட உணர்வெல்லாம் பொய் என்பது சரியில்லை. மூன்றாம் பிறையைக் காட்டுகிறவர், அதோ அந்தக் கிளை நுனிக்கு நேராகப் பார் என்கிறார். அவர் சொன்ன பிறகுதான் பிறை தெரிகிறது. அதனால் பிறை அவர் உண்டாக்கியது என்று ஆகிவிடாது. 'அத்திப்பழம்' என்ற சொல்லும் அப்படி ஒரு கிளை நுனியாக இருக்கலாம், வெறும் ஏமாற்றாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியச் சோதனை இருக்கிறதா என்பதே கேள்வி. இருக்கிறது: 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒருவர் அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில் திணித்த சொல் நெடுநேரம் நிற்பதில்லை. கோப்பையை மாற்றிப் பார்க்கிறார்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்கிறார்கள், சொன்னவரே தன் சொல்லை விலக்கிக்கொள்கிறார். மேலதிகாரி வாங்கிவந்த புட்டியைச் சுற்றி அமர்ந்த ஊழியர்களுக்கு இந்த உரிமை இல்லை. விற்பவரின் மேசையில் வாங்க வந்தவருக்கும் அநேகமாக இல்லை. நட்பில்தான் மறுத்துச் சொல்வதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் இன்பத்தையோ பயனையோ எதிர்பார்த்து உண்டாகும் நட்பையும், அவருடைய நன்மையையே விரும்பும் நட்பையும் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினை இந்த மேசையில் அறிவு சார்ந்த விளைவைத் தருகிறது: இரண்டாம் வகை நண்பர்களே நல்ல சாட்சிகள். நண்பர்களோடு சுவைப்பது என்ற வழக்கத்தில் 'நண்பர்கள்' என்ற பகுதிதான் சுவை பற்றிய தீர்ப்பைத் தாங்கி நிற்கிறது.

வரலாற்றிலிருந்து எழும் மறுப்பு இதைவிடக் கடினம். பென்ஃபோல்ட்ஸின் ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பா சென்றபோது, போர்டோவில் கிறிஸ்டியன் குரூஸ் என்ற மூத்த வணிகர் அவருக்கு நாற்பது, ஐம்பது ஆண்டு முதிர்ந்த ஒயின்களைத் திறந்து காட்டினார். ஆஸ்திரேலியத் திராட்சையிலும் அப்படி நீண்டு வாழும் ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு திரும்பிய ஷூபர்ட், ஷிராஸை முதன்மையாகக் கொண்டு, புதிய ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து, 1951இல் கிரேஞ்ச் என்ற ஒயினின் முதல் சோதனை வடிவத்தை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த ஒயின்களைச் சிட்னியில் அனுபவமிக்க சுவைஞர்கள் முன் வைத்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமித்து நிராகரித்தார்கள். 1957இல் தயாரிப்பை நிறுத்தும்படி நிறுவனம் அவருக்கு உத்தரவிட்டது. அவர் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் புதிய பீப்பாய்கள் இல்லாமலேயே மறைவாகத் தயாரித்து வைத்தார். 1960இல் உத்தரவு விலக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் 1962இல் சிட்னிக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. கூட்டம் தவறியது, தனியொருவர் சரியாக இருந்தார். சுவை பற்றிய உண்மை கூட்டத்தில் இருக்கிறது என்ற வாதம் இதோடு முடிந்துவிடாதா?

முடியாது என்றே நினைக்கிறேன், ஆனால் வாதத்தைச் சற்று விரிக்க வேண்டியிருக்கிறது. சிட்னியில் கூடியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் முன் இருந்தது முரட்டுத் துவர்ப்பும் ஓக் மரத்தின் காரமும் இன்னும் அடங்காத இளம் ஒயின். அவர்கள் அளித்த தீர்ப்பு அந்த நாளின் ஒயினுக்கு நியாயமாகவே இருந்திருக்கலாம். இருபது ஆண்டு கழித்து அது என்னவாக இருக்கும் என்பது அவர்கள் நாவில் இல்லை. ஷூபர்ட்டுக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது? அவர் நாவிலும் எதிர்காலம் இருக்கவில்லை. போர்டோவில் ஒரு முதியவர் தன் சேமிப்பிலிருந்து பழைய புட்டிகளை எடுத்துத் திறந்து கொடுத்ததால் தெரிந்தது. அதாவது அவர் தனியாளாக நிற்கவில்லை. சிட்னியில் இருந்தவர்களுக்குக் கிடைக்காத வேறொரு சாட்சியைத் தன்னோடு கொண்டுவந்திருந்தார். அவர் சரி என்பது நிலைநாட்டப்பட்டதும், பழைய புட்டிகள் சில ஆண்டு முதிர்ந்தபின் பிறர் மறுபடி திறந்து சுவைத்தபோதுதான். அந்த மறு சுவைப்பு நடந்திராவிட்டால் ஷூபர்ட் வெறும் பிடிவாதக்காரராகவே மறைந்திருப்பார், அவருக்கேகூடத் தான் சரியா என்று உறுதி கிடைத்திருக்காது. ஆக, கிரேஞ்சின் கதை கூட்டத்தைப் பொய்யாக்கவில்லை. ஓர் அறைக்குள் ஒரு மாலையில் கூடியவர்கள் மட்டுமே கூட்டம் என்ற நினைப்பைத்தான் பொய்யாக்குகிறது. முதிரும் பொருளுக்குச் சாட்சிகள் காலத்திலும் பரந்திருக்க வேண்டும். பரோசாவின் செப்பல்ட்ஸ்ஃபீல்டில் பென்னோ செப்பல்ட் 1878இல் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு ஆண்டுக்கு அதைத் தொடக்கூடாது என்று வைத்தார். அது ஷிராஸ் மேசை ஒயின் இல்லை, போர்ட் வகை. ஆனாலும் தன் வாழ்நாளுக்குள் திறக்க வாய்ப்பே இல்லாத ஒன்றை, பிறக்காதவர்களின் நாவை நம்பி ஒருவர் ஒதுக்கி வைத்தார். பின்வந்தவர்களும் ஆண்டுதோறும் ஒரு பீப்பாயை அதேபோல ஒதுக்கி வந்தார்கள். 1978இல் அதைச் சுவைத்தவர்கள் செப்பல்ட்டின் நண்பர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பரோசா பள்ளத்தாக்கில் இப்படி ஓர் எண்ணம் வேர்விட்டதற்குச் சமயப் பின்னணி ஒன்றும் உண்டு. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1817 முதல் தன் நாட்டின் லூத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கி ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தார். பணிய மறுத்த லூத்தரன்களில் ஒரு பிரிவினர் போதகர் அகஸ்ட் காவெல் தலைமையில் 1838இல் தெற்கு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார்கள். 1842இல் பரோசாவில் பெத்தானி என்ற ஊர் எழுந்தது. அவர்கள் மறுப்பின் மையத்தில் இருந்தது நற்கருணை பற்றிய கேள்வி: அந்த அப்பத்திலும் கிண்ணத்திலும் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறாரா, அல்லது அது ஒரு நினைவுச் சடங்கா? கிண்ணத்தில் இருப்பது என்ன என்ற கேள்விக்காகக் கடல் கடந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பெருமளவில் திராட்சைத் தோட்டங்களை வளர்த்த பூமி அது. ஹென்ஷ்கி குடும்பத்தின் புகழ்பெற்ற ஹில் ஆஃப் கிரேஸ் ஷிராஸ் விளையும் தோட்டம் இன்றும் க்னாடன்பெர்க் லூத்தரன் ஆலயத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கொடிகள் 1860களில் நட்டவை. லூத்தரின் போதனையில் ஒரு கூறு என் வாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. சபை கூடாமல் குரு மட்டும் தனியே நிறைவேற்றும் திருப்பலியை அவர் கடுமையாக எதிர்த்தார். நற்கருணை பகிர்ந்து கொடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது, பகிராதபோது அது தன் இயல்பையே இழக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. நண்பர்கள் கூடி ஒயின் சுவைப்பதை நற்கருணையோடு சமன் செய்வது நம்பிக்கையாளருக்கு இழைக்கும் அவமதிப்பாகும். அதை நான் செய்யவில்லை. பகிர்வதற்கு முன் முழுமையாக இருந்து பிறகு பங்கிடப்படும் நன்மைகள் உண்டு, ரொட்டியும் பணமும் போல. பகிர்தலில் மட்டுமே உருப்பெறும் நன்மைகளும் உண்டு. இந்த இரண்டாம் வகையைச் சமய மரபு நன்றாக அறிந்திருக்கிறது. நாவின் சுவையைப் பற்றி எழுதிய தத்துவவாதிகள் அதைக் கவனிக்கத் தவறினார்கள்.

தமிழில் இதைப் படிப்பவருக்கு உடனே எழும் மறுப்பு திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம். காசு கொடுத்துத் தன் நினைவை இழக்கும் பேதைமையை வள்ளுவர் அங்கே கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தோடு எனக்கு வழக்கில்லை. என் வாதமே தெளிந்த நினைவின் மீது நிற்கிறது. நிதானம் இழந்தவர் எதற்கும் சாட்சி ஆக மாட்டார். 750 மில்லிலிட்டர் புட்டி எட்டுப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு நூறு மில்லிலிட்டருக்கும் குறைவு. நடுவர்கள் விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள். இதை ஒரு சலுகையாக நான் முன்வைக்கவில்லை. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. இந்தக் கொடிகள் நடப்பட்ட மண், பெராமங், நஜூரி போன்ற பழங்குடி மக்களுடையதாக இருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்களுக்கு மது இழைத்த கேடு மிகப் பெரியது. ஒயினைப் பற்றி மரியாதையோடு எழுதுகிற எவரும் இதை ஒதுக்கிவிட்டு எழுதக்கூடாது. குடிக்க மறுப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் முதிரும் சீனத்துப் பூஎர் தேயிலையை வைத்தும் இதே வாதத்தைக் கட்டலாம். ஷிராஸைப் பொறுத்தவரை வேதியியல் சான்றும் வரலாற்றுச் சான்றும் நிறையக் கிடைக்கின்றன என்பதே அதை எடுத்ததற்குக் காரணம்.

தனியாக அமர்ந்து சுவைப்பவர் எதையும் அறிவதில்லையா என்று கேட்கலாம். அறிகிறார், ஆனால் அவர் பயன்படுத்தும் சொற்களும் ஒப்பீடுகளும் முன்பு பிறரோடு சுவைத்த மேசைகளில் கற்றவை. அவர் அந்தச் சேமிப்பைச் செலவிடுகிறார், அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, தன்னிடம் அடைத்திருக்கும் வாசலையும் கண்டுபிடிப்பதில்லை. திறக்கவே படாத புட்டியின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 1951ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிருக்கிறது.  ஆனால் அந்த ஒயின் நலமா, கெட்டுவிட்டதா என்று வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரியாது. சுவைக்கவென்று செய்த ஒரு பொருளைப் பற்றி, அதன் சுவையைத் தவிர மற்றெல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கும் நிலை அது. ஷூபர்ட் மூன்று ஆண்டு மறைவாக உழைத்தது இதற்காக இல்லை.

இந்த வாதத்திலிருந்து நடைமுறையில் ஒன்று பிறக்கிறது: அரிய புட்டி ஒன்றைத் திறக்கும்போது யாரை அழைப்பது என்பது. ஒத்த ரசனை உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பதே வழக்கம். சாட்சிகள் தேவை என்றால், வேறுபட்ட நாக்கு உள்ளவர்களையே தேட வேண்டும்: இளைஞர், முதியவர், ஒயினைப் பற்றிப் பெரிதாக அறியாதவர், இனிப்பை விரும்புகிறவர், புளிப்பை விரும்புகிறவர். மிளகு மணம் தெரியாத அந்த ஐந்தில் ஒருவரும் வேண்டும். அவரைக் குறையுள்ள கருவியாக நினைத்து ஒதுக்கினால் இழப்பு மற்ற நால்வருக்கும்தான். மிளகு வலுவாக வீசும் ஷிராஸில் அது மற்ற மணங்கள் பலவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். மூக்கை மூடாமல் அதை மட்டும் விலக்கிப் பார்க்க நால்வராலும் முடியாது. அந்த மிளகு இல்லாமல் இந்த ஒயினில் வேறென்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அந்த மேசையில் அவர் ஒருவரே.